கினிப்பன்றியின் வயிற்றுப் பொருமல்

ஆண்டீஸ் மலைச்சாரலிலே, பெரு, பொலிவியா முதலிய நாடுகளின் குளிர்ந்த புல்வெளிப் பிரதேசங்களில், சில ஆயிரம் ஆண்டுகளாக மனிதரின் அடுப்பங்கரையை அண்டி வாழ்ந்து, பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியரின் கப்பல்களிலேறி ஐரோப்பாவை அடைந்து, அங்கிருந்து உலகெங்கும் பரவிய கினிப்பன்றியை, நம் நாட்டார் நெடுங்காலம் ஆய்வுக்கூடத்துப் பிராணியாக மட்டுமே அறிந்திருந்தனர். திருவனந்தபுரத்திலேயே, பூஜப்புரையிலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவப் பிரிவில், ஆய்வுக்குரிய விலங்குகளுக்கென்று தனிப் பகுதி ஒன்று இருந்து வருகிறது. இப்பொழுதோ கரமனையிலும் பட்டத்திலும் கவடியாரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பால்கனிகளில், நாய் வளர்க்க இடமில்லாத குடும்பங்களின் குழந்தைகளுக்குத் தோழனாக இச்சிறு ஜந்து வந்து சேர்ந்திருக்கிறது. சாந்த குணமும், கடிக்காத இயல்பும், உணவைக் கண்டால் எழுப்பும் கீச்சொலியும் அதை எல்லோர்க்கும் இனியதாக்குகின்றன. ஆயினும் அதன் வயிற்றின் அமைப்பை அறிந்து வளர்ப்பவர் சிலரே. அறியாமையால் நேரும் மரணங்களில் வயிற்றுப் பொருமலால் நேருவன பல.

கினிப்பன்றி முற்றிலும் புல்லை நம்பி வாழும் பிராணி. புல்லின் பெரும்பகுதி நார்ப்பொருள்; அதைச் சிதைத்துச் சத்தாக மாற்றும் ஜீரண நீர் எந்தப் பாலூட்டியின் உடலிலும் சுரப்பதில்லை. ஆதலின் புல்லுண்ணிகள் யாவும் நுண்ணுயிர்களைத் தம் உடலுக்குள்ளேயே குடிவைத்து, அவற்றின் உழைப்பால் வாழ்கின்றன. பசுவுக்கு இந்த நுண்ணுயிர்க் குடியிருப்பு இரைப்பையின் முன்பகுதியில் அமைந்திருக்க, கினிப்பன்றிக்கோ சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குமிடத்தில், சீக்கம் என்று மருத்துவர் கூறும் பெரியதொரு பையில் அமைந்திருக்கிறது. பதினைந்து முதல் இருபது சென்டிமீட்டர் வரை நீளமுடைய இப்பெருங்குடற்பை, உணவுப்பாதை முழுவதிலும் உள்ள பொருளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தானே தாங்கி நிற்கக்கூடியது. இரவில் ஆட்டி வைத்த தோசை மாவு விடியுமுன் புளித்துப் பொங்குவதுபோல, இப்பையினுள் புல்லானது இடையறாது புளித்துக்கொண்டேயிருக்கிறது. அந்தப் புளிப்பில் விளையும் அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என்னும் அமிலங்கள் இரத்தத்தில் கலந்து பிராணிக்குச் சக்தி தருகின்றன. உடன் விளையும் கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் மீத்தேனும் வெளியேற வழி தேடுகின்றன.

இங்கேதான் பசுவுக்கும் கினிப்பன்றிக்கும் உள்ள வேற்றுமை கவனிக்கத்தக்கது. பசுவின் புளிப்பறை முன்னே இருப்பதால், வாயுவை அது ஏப்பமாக வெளியே விட்டுவிடுகிறது. கினிப்பன்றிக்கோ புளிப்பறை பின்னே இருக்கிறது. வாந்தியெடுக்கும் ஆற்றலும் அதற்கு இல்லை. ஆகவே வாயு முழுவதும் பெருங்குடலின் வழியாகவே, எருவோடு எருவாக நகர்ந்து வெளியேற வேண்டும். குடல் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் வரையில் இது ஒரு சிரமமும் இன்றி நடந்தேறுகிறது. வாயு தோன்றுவது இப்பிராணிக்கு நோயன்று, அதன் ஜீவனத்தின் ஓர் அங்கமேயாகும். தோன்றிய வாயு நகராமல் தங்கிவிடுவதுதான் நோய். எனவே வயிறு உப்பிய கினிப்பன்றியைக் கண்டவுடன், இந்த வாயுவைக் கரைப்பது எப்படி என்று கேட்பதைவிட, இந்தக் குடல் ஏன் நின்றது என்று கேட்பதே சரியான சிகிச்சைக்கு முதற்படி. இக்கேள்வியைக் கேளாமல் மருந்துக் கடைக்கு ஓடுவதனாலேயே பல உயிர்கள் வீணாகின்றன என்பது என் உறுதியான கருத்து.

குடலை ஓட்டுவது நார்தான். நீண்ட, முரட்டு நார் குடற்சுவரை உராய்ந்து உந்தும்போது அலையலையாக அசைவு எழுகிறது. உண்டது ஏறத்தாழ இருபது மணி நேரத்தில் உணவுப்பாதையைக் கடந்துவிடுகிறது. கினிப்பன்றி தன் மென்மையான எருவில் ஒரு பகுதியை மீண்டும் உண்பதைக் கண்டு அருவருப்பவர் உண்டு. ஆனால் நுண்ணுயிர்கள் ஆக்கித் தந்த புரதத்தையும் பி வகை வைட்டமின்களையும் திரும்பப் பெறுவதற்கு இயற்கை வகுத்த உபாயம் அது. அதைத் தடுப்பது பெருந்தவறு. நார் குறைந்து மாவுப்பொருளும் சர்க்கரையும் மிகுந்தாலோ இருவகையில் தீங்கு நேர்கிறது: உந்துவது இல்லாமையால் குடல் சோர்கிறது, புளிப்பறையில் நல்ல நுண்ணுயிர்கள் மெலிந்து, சர்க்கரையை உண்டு பெருகும் கிளாஸ்ட்ரிடியம் முதலிய தீயவை தலையெடுத்து, வாயுவையும் சில வேளைகளில் நஞ்சையும் மிகுதியாக உண்டாக்குகின்றன. இவ்வாறு வாயு பெருகும் அதே சமயத்தில் அது போகும் வழி அடைபடுகிறது. உப்பிய குடல் வலிக்கிறது. வலியினால் பிராணி உண்ண மறுக்கிறது. உண்ணாமையால் குடலில் நீர் வற்றி எரு இறுகுகிறது. வலியும் அச்சமும் நரம்புகளின் வழியே குடலின் அசைவை மேலும் அடக்குகின்றன. கொழுத்த கினிப்பன்றியாயின், ஒரு நாள் முழுவதும் உண்ணாதிருந்தாலே உடற்கொழுப்பு கரைந்து ஈரலில் படிந்து வேறோர் அபாயத்தையும் வருவித்துவிடும். மனிதர் ஒரு வேளை பட்டினி கிடந்தால் வயிறு சீராகும் என்று நம் பெரியோர் சொல்வது, இப்பிராணியின் விஷயத்தில் அடியோடு பொருந்தாது.

குடல் நிற்பதற்கு உணவு ஒன்றே காரணம் என்று எண்ணிவிடலாகாது. கினிப்பன்றியின் இருபது பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருப்பவை. புல்லை நாள்தோறும் பல மணி நேரம் மென்று தேய்த்தாலன்றி அவை அளவுக்கு மீறி நீண்டுவிடும். முன்பற்கள் நீண்டால் நம் கண்ணுக்குப் புலனாகும். ஆனால் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பற்கள் உட்புறமாகச் சாய்ந்து வளர்ந்து, நாவின் மேலே ஒன்றையொன்று சந்தித்து, நாவைச் சிறைப்படுத்திவிடும்போது வெளியே எதுவும் தெரிவதில்லை. பிராணி உணவருகே ஆவலுடன் ஓடி வருகிறது, வாயில் எடுக்கிறது, நழுவ விடுகிறது, மோவாய் நனைந்திருக்கிறது. சில நாட்களில் குடல் சோர்ந்து வயிறு உப்புகிறது. இத்தகைய பிராணிக்கு வாயு மருந்தை எத்தனை துளி கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. நீண்ட பல்லை மருத்துவர் மயக்க மருந்தின் துணையோடு தேய்த்துச் சீராக்கினாலன்றி நோய் திரும்பத் திரும்ப வரும். சிறுநீர்ப்பையில் கல், பெண் பிராணிகளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி, தோழனைப் பிரிந்த ஏக்கம், புது வீட்டின் கலக்கம் ஆகிய எதுவாயினும், வலியும் பயமும் உள்ள இடத்தில் இக்குடல் நின்றுவிடும் சுபாவமுடையது.

இன்னொரு காரணம் வைட்டமின் சி. மனிதரைப் போலவே கினிப்பன்றிக்கும் அந்தச் சத்தைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ளும் திறன் இல்லை என்னும் உண்மைக்கு வழி திறந்தது, 1907-இல் நார்வே நாட்டு அறிஞர்களான ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்னும் இருவர் தானியத்தை மட்டும் இப்பிராணிகளுக்கு ஊட்டி, மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோயை அவற்றில் தோற்றுவித்த சோதனையாகும். நமக்கு இன்னும் அண்மையில், நீலகிரிக் குன்னூரில் பணியாற்றிய ராபர்ட் மக்காரிசன், அதே சத்தில்லாத உணவைக் கினிப்பன்றிகளுக்கு அளித்து, அட்ரீனல் சுரப்பிகளிலும் சிறுநீர்ப்பையிலும் விளையும் மாறுதல்களை 1919-இல் எழுதினார். 1921-இல் வெளிவந்த குறையுணவு நோய்களைப் பற்றிய அவருடைய நூலில், சத்துக் குறைவினால் இடர்ப்படும் உறுப்புகளுள் உணவுப்பாதை முதன்மையான ஒன்று என்பதை அவர் விரிவாக வற்புறுத்தியிருப்பது, அக்காலத்து மருத்துவர் பலர் கவனியாத ஒரு நுட்பமாகும். அவர் தொடங்கி வைத்த குன்னூர் ஆய்வே பின்னர் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகிறது. ஸ்கர்வி கண்ட கினிப்பன்றிக்கு மூட்டுகள் வீங்கி நோகும், பற்கள் தளரும், உணவில் வெறுப்புத் தோன்றும், அவ்வெறுப்பின் முடிவு மீண்டும் குடல் சோர்வும் உப்பிசமுமே.

உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குப் பத்து முதல் முப்பது மில்லிகிராம் வரை இந்தச் சத்து தேவை. மேல் அளவு சினையுற்றவற்றுக்கும் நோயுற்றவற்றுக்கும் உரியது. நூறு கிராம் கொய்யாவில் ஏறக்குறைய இருநூறு மில்லிகிராம் இருப்பதால், பதினைந்து கிராம் கொண்ட ஒரு சிறு துண்டே அந்த மேல் அளவையும் ஈடுசெய்துவிடும். கொய்யாவின் இனிப்பு வேண்டாமென்று கருதுவோர் குடமிளகாயைக் கொடுக்கலாம். அதுவே மேலானது என்று நான் எண்ணுகிறேன். கடையில் விற்கும் குருணைத் தீவனத்தில் சேர்த்திருக்கும் வைட்டமின், அரைத்த நாளிலிருந்து சில மாதங்களில் தேய்ந்துவிடும். கேரளத்தின் உஷ்ணத்திலும் ஈரத்திலும் இன்னும் விரைவிலேயே தேயும். ஆதலின் அதை நம்பியிருப்பது தகாது.

திருவனந்தபுரத்தின் இயற்கையே இப்பிராணிக்கு முழுதும் இணக்கமானதன்று என்பதையும் சொல்லவேண்டும். மலைக்குளிரில் தோன்றிய இதற்கு இருபத்து நான்கு டிகிரி செல்சியஸ் வரையில் சுகம்; இருபத்தெட்டைக் கடந்தால் அவஸ்தை. நம் நகரிலோ மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகல் வெப்பம் முப்பத்து மூன்றை எட்டுகிறது. கடற்காற்றின் ஈரம் அதை இன்னும் தாங்கவொண்ணாததாக்குகிறது. உஷ்ணத்தால் சோர்ந்த கினிப்பன்றி முதலில் புல்லைத்தான் கைவிடுகிறது. வெயில் மாறி எடவப்பாதி என்னும் பருவமழை தொடங்கினாலோ துன்பம் வேறு வடிவம் கொள்கிறது: புல்லைக் காயவைக்க வெயில் இல்லை, காய்ந்த புல்லை வாங்கி வைத்தாலும் பூஞ்சை பிடிக்கிறது. பாலையும் நெல்லையும் நம்பிய நம் கிராமங்களில் மாட்டுக்கு வைக்கோல் போடும் வழக்கம் உண்டேயன்றி, பசும்புல்லை அறுத்து உலர்த்திச் சேமிக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. வைக்கோலோ சத்தற்றது, படுக்கையாகப் பரப்ப உதவுமேயன்றி, புல்லுக்கு ஈடாகாது. இவ்வாறு புல்லுக்கு வழியில்லாத வீட்டில் பாளையம் கன்னிமாரா சந்தையிலிருந்து வரும் முட்டைக்கோசும் காலிஃபிளவர்த் தண்டும், சில வீடுகளில் மிஞ்சிய சோறும் ரொட்டியும் பிஸ்கட்டும், பிரியத்தின் மிகுதியால் நேந்திரம்பழமும் அதன் தட்டில் விழுகின்றன. மரவள்ளியின் இலையும் தோலும் சயனைடு நஞ்சை உண்டாக்குவன. அவற்றை ஒருபோதும் இடலாகாது. இலையின் மேலுள்ள நீர்த்துளியே வாயுவுக்குக் காரணம் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் தீங்கு செய்வது நீரன்று, ஈரத்தோடு குவித்து வைக்கப்பட்டு உள்ளே சூடேறிப் புளித்துப்போன இலை. வெட்டிய புல்லைக் கையால் துழாவிப் பார்த்து, உள்ளே வெதுவெதுப்பு இருந்தால் அதைத் தூர எறிந்துவிட வேண்டும்.

இனி, நோயை அறியும் லட்சணங்கள். பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணிகள் யாவும் தம் பலவீனத்தை மறைக்கப் பழகியவை. கினிப்பன்றி வலியால் முனகுவது மிக அரிது. எனவே அதன் உடலைப் பார்ப்பதைவிட அதன் கூண்டின் தரையைப் பார்ப்பது பயன் தரும். நீண்டு திரண்டு ஒரே அளவாய் இருக்கவேண்டிய எருவுருண்டைகள் சிறுத்தோ, ஒருபுறம் கூர்த்தோ, ஈரமற்றோ காணப்பட்டால் குடல் சோரத் தொடங்கிவிட்டது என்று கொள்க. அரை நாள் முழுவதும் உருண்டைகளே இல்லையாயின் அது அவசர நிலை. காலையில் கீரைக்கட்டின் சலசலப்புக் கேட்டும் கீச்சிடாமல் மூலையில் முதுகைக் கூனி, மயிர் சிலிர்த்து, கண்ணைப் பாதி மூடி அமர்ந்திருப்பது; பல்லை நறநறவென்று கடிப்பது; வயிற்றைத் தரையோடு அழுத்திக் காலை நீட்டிக்கொள்வது; பக்கம் மாற்றி மாற்றிப் படுப்பது ஆகிய இவை வலியின் குறிகள். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் வாரம் ஒருமுறை ஒரே வேளையில் நிறுத்து எழுதி வருவதைப் போன்ற நல்ல பழக்கம் வேறில்லை. வளர்ந்த கினிப்பன்றி எழுநூறு முதல் ஆயிரத்து இருநூறு கிராம் வரை இருக்கும். ஒரு வாரத்தில் ஐம்பது கிராம் குறைந்தாலே காரணம் தேடவேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரைத் தேடவேண்டும்.

வயிற்றைத் தொட்டறிவதற்கும் முறை உண்டு. நான்கு காலிலும் நிற்கவிட்டு, இரு உள்ளங்கைகளையும் விலாவின் கீழே மென்மையாக வைத்தால், நலமுள்ள வயிறு இளகிக் கொடுக்கும். வாயு நிறைந்த வயிறு இருபுறமும் பிதுங்கி, விறைத்து, கை பட்ட மாத்திரத்தில் பிராணியைத் துள்ளச் செய்யும். விரலை வைத்து மெல்லத் தட்டினால் உள்ளே காற்றடைந்த வெற்றொலி எழும். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கத் தெரிந்தவருக்கு, நலமான குடலில் அவ்வப்போது மெல்லிய களகளப்புக் கேட்கும். பொருமலின் தொடக்கத்தில் அது பெரிதாக ஒலிக்கலாம். பின்பு முற்றிலும் அடங்கிவிட்டால், அந்த அமைதி ஒலியைக்காட்டிலும் கொடியது. சினையுற்ற பெண்ணின் வயிறும் பெருத்திருக்கும். அதன் கர்ப்பகாலம் ஐம்பத்தொன்பது முதல் எழுபத்திரண்டு நாள் வரை. ஆனால் சினையுற்றது ஆவலுடன் உண்ணும், அதன் வயிறு சிறிது சிறிதாகப் பெருக்கும். வாயுவோ சில மணி நேரத்தில் பெருகுவது. அதனினும் பயங்கரமானது, இரைப்பையே காற்றால் விரிந்து தன் அச்சில் முறுக்கிக்கொள்ளும் நிலை. 1977-இல் அமெரிக்க ஆய்வுக்கூடப் பிராணிகளிடத்தே விவரிக்கப்பட்ட இந்த முறுக்கம் வீட்டுப் பிராணிகளுக்கும் நேருகிறது. முறுக்கிய இரைப்பை உதரவிதானத்தை அழுத்த, மூச்சு வேகமாகி, செவியும் பாதங்களும் குளிர்ந்து, ஓரிரு மணி நேரத்தில் பிராணி மாண்டுபோகலாம். சாதாரணப் பொருமலையும் இந்த முறுக்கத்தையும் கையால் மட்டும் பிரித்தறிவது அரிது. எக்ஸ்ரே படமே தீர்க்கமான சாட்சி.

இதனாலேயே வீட்டு வைத்தியத்தைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் குழந்தைக்கு வயிறு உப்பினால் ஓமத்திரவமும் சீரகத் தண்ணீரும் பெருங்காயமும் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் கிரைப் வாட்டர் புட்டி ஒன்று உண்டு. அன்பினால் அதே புட்டியைத் திறந்து ஒரு துளி ஊற்றுவதில் என்ன பிழை என்று தோன்றும். பல கிரைப் வாட்டர்களில் சர்க்கரையும் சோடியம் பைகார்பனேட்டும் இருக்கின்றன. பைகார்பனேட் இரைப்பை அமிலத்தோடு கூடியவுடன் கரியமில வாயுவைப் பிறப்பிக்கும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த ரசாயனம். ஏப்பம் விடும் குழந்தைக்கு அது சுகம் தரலாம், அவ்வாறு விட இயலாத கினிப்பன்றிக்கு அது கூடுதற் பாரமே. சிமெதிக்கோன் என்னும் துளிமருந்து அவ்வாறன்று, அது சிலிக்கோன் வகைப் பொருள், இரத்தத்தில் கலவாது, நுரையின் சிறு குமிழிகளை உடைத்துப் பெருங்குமிழிகளாக ஒன்று சேர்க்கிறது. பெருந்தீங்கு செய்வதில்லையாதலால் மருத்துவர் அதைச் சொல்வதுண்டு. ஆனால் குமிழிகளைச் சேர்ப்பதே அதன் வேலை, சேர்ந்த வாயுவை வெளியே தள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. குடல் அசைந்தாலன்றி அம்மருந்து கொடுத்ததும் கொடாததும் ஒன்றே. வயிற்றைப் பிசைந்து வாயுவை வெளியேற்ற முயல்வதும், இரைப்பை முறுக்கியிருக்கலாம் என்ற சந்தேகம் நீங்கும் வரையில், செய்யத்தகாதது. மல்லாக்கப் படுக்கவைத்தால் உப்பிய வயிறு மூச்சை அமுக்கும். நமக்குரிய வலி மாத்திரைகளை உடைத்துக் கொடுப்பது நஞ்சூட்டுவதற்குச் சமம்.

வீட்டார் செய்யத்தக்கவை சில உண்டு. உடம்பு குளிர்ந்திருந்தால் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அருகில் வைக்கலாம். வெயிலில் சோர்ந்ததாயின் மாறாக நிழலும் காற்றும் தரவேண்டும். இதன் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 37.2 முதல் 39.5 டிகிரி செல்சியஸ். குளிர்ந்துபோன உடல் மிகக் கெட்ட குறி. குருணையையும் பழத்தையும் கோசு வகைகளையும் அகற்றி, புல்லையும் நீரையும் மட்டும் வைத்து, தாமதமின்றிப் புறப்பட வேண்டும். அட்டைப்பெட்டியில் புல் பரப்பி, உடன் வாழும் தோழனையும் சேர்த்து எடுத்துச்செல்வது பயத்தைக் குறைக்கும். திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் 1955 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பெருமை தருவதாயினும் அவசர வேளையில் எட்டாத தூரம். பசு, ஆடு, நாய், பூனை இவற்றையே பெரும்பாலும் காணும் நகரத்து மருத்துவருள் முயலையும் கினிப்பன்றியையும் கண்டு பழகியவர் யார் என்பதைப் பிராணி நலமாயிருக்கும்போதே விசாரித்து வைப்பது விவேகம்.

மருத்துவர் முதலில் தணிப்பது வாயுவையன்று, வலியை. மெலாக்சிகாம், புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகளை உடல் எடைக்கேற்ற நுண்ணிய அளவில் தருகிறார். வலி தணிந்தவுடன் நரம்புகளின் பிடி தளர்ந்து குடல் மீண்டும் அசையத் தொடங்குவதை இதில் அனுபவமுடையவர் அறிவர். வெதுவெதுப்பாக்கிய உப்புநீரைத் தோலடியில் செலுத்தி, குடலில் இறுகிய பொருளை நெகிழ்த்துகிறார். எக்ஸ்ரேயில் அடைப்போ முறுக்கமோ இல்லை என்று தெளிந்த பின்னரே மெட்டோகுளோப்ரமைடு, சிசாப்ரைடு முதலிய குடலூக்கி மருந்துகளுக்கு இடம். அடைப்பு இருக்கும் குடலை ஊக்கினால் அது கிழியும் அபாயம் உண்டு. இரைப்பை மிகவும் விரிந்திருந்தால் மயக்கத்தில் வாய்வழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் காற்றை இறக்குவார். முறுக்கத்துக்கு அறுவை ஒன்றே வழி. அதிலும் பிழைப்பவை குறைவு என்பதை மறைப்பதில் பயனில்லை.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். 1940 மே மாதத்தில் ஆக்ஸ்போர்டில் ஃப்ளோரி என்னும் அறிஞரும் அவர் தோழர்களும் பென்சிலினை எட்டுச் சுண்டெலிகளிடம் சோதித்து, மருந்து பெற்ற நான்கும் பிழைத்ததைக் கண்டு உலகுக்குப் புதுவழி காட்டினர். மூன்றாண்டு கழித்து, 1943-இல், அதே பென்சிலின் கினிப்பன்றிகளைக் கொல்லுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் அறிவித்தனர். சுண்டெலிக்குப் பதிலாகக் கினிப்பன்றியை அன்று தேர்ந்திருந்தால் அம்மருந்தின் வரலாறே வேறாக இருந்திருக்கும். காரணம் இப்பொழுது நமக்குத் தெளிவு: பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டமைசின் முதலியவை புளிப்பறையிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிட, கிளாஸ்ட்ரிடியம் பெருகி நஞ்சைக் கக்குகிறது. வீட்டில் மிஞ்சிய அமாக்சிசிலினைச் சளிக்கென்று இதற்குக் கொடுத்து, சில நாட்களில் வயிறு உப்பிக் கழிந்து இறக்கக் கண்டவர் உண்டு. மருத்துவர் எழுதித் தரும் மருந்தாயினும், கினிப்பன்றிக்கு இது உகந்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வதில் குற்றமில்லை; அறிந்த மருத்துவர் அதைத் தவறாகக் கொள்ளமாட்டார்.

அடைப்பில்லை என்று உறுதியான பின், தானே உண்ணாத பிராணிக்கு ஊட்டியாக வேண்டும். புற்பொடியாலான நோயாளர் உணவை, அது கிடைக்காவிடில் நல்ல குருணைத் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சினால், முன்பற்களுக்குப் பின்னுள்ள இடைவெளியின் வழியாகப் பக்கவாட்டில், ஒரு தடவைக்கு அரை மில்லிலிட்டருக்கு மேற்படாமல், மென்று விழுங்க அவகாசம் கொடுத்து ஊட்டுவது முறை. நேரே தொண்டையை நோக்கிப் பீச்சினால் நுரையீரலில் புகும். நாள் முழுவதற்கும் ஒரு கிலோ எடைக்கு ஐம்பது முதல் எண்பது மில்லிலிட்டர் வரை தேவைப்படும். அதை இரவிலும் இடைவிடாது பல வேளைகளாகப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். இரவு வேளையைத் தவறவிடுவதால் தோற்றுப்போன சிகிச்சைகள் பல. நலமான பிராணி ஒன்று வீட்டில் இருந்தால் அதன் புதிய எருவிலிருந்து சிறிது நீரில் கரைத்து ஊட்டுவதும் நல்ல நுண்ணுயிர்களைத் திரும்பக் குடியேற்றும் பழைய உபாயம். மருத்துவர் சம்மதத்தோடு செய்யலாம்.

முதல் எருவுருண்டை விழுந்துவிட்டது என்று மகிழ்ந்து உடனே பழைய தட்டை நிரப்பிவிடக் கூடாது. முதல் வாரம் புல் மட்டும். பிறகு கொத்தமல்லி, குடமிளகாய் என ஒவ்வொன்றாக, ஏழெட்டு நாள் இடைவிட்டுச் சேர்க்க வேண்டும். நம் நகரில் புல்லுக்குப் பஞ்சம் என்பதும் முழு உண்மையன்று. தென்னந்தோப்புகளின் நிழலில் கால்நடைக்காகப் பயிரிடும் கினிப்புல்லும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ ரகத் தீவனப்புற்களும் புறநகர்ப் பால்பண்ணைகளில் கிடைக்கின்றன. தடித்த தண்டை நீக்கி இளந்தாளைக் கொடுக்கலாம். அவற்றினும் எளிதானது அறுகு. கிழக்கேகோட்டையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குக் கறுகமாலை என்னும் அறுகம்புல் மாலை சாத்தும் வழக்கத்தால் அந்தப் புல் அங்கே நாள்தோறும் விற்பனைக்கு வருகிறது. பிற நாடுகளில் இதே அறுகை உலர்த்தி முயலுக்கும் கினிப்பன்றிக்கும் ஊட்டுகிறார்கள். மாலையாகக் கட்டி நீர் தெளித்து வைத்ததை விடுத்து, அன்று அறுத்த தளர்ந்த கட்டாகக் கேட்டு வாங்கி, கழுவி, துணியில் மெல்லப் பரப்பி, மின்விசிறிக் காற்றில் உலர்த்திக்கொண்டால், எடவப்பாதியின் அடைமழையிலும் இரண்டு மூன்று நாளைக்குக் கெடாமல் இருக்கும்.

உப்பிசம் தணிந்து ஒரு மாதம் ஆனபின் மருத்துவரிடம் மறுபடியும் கொண்டுபோய்க் கடைவாய்ப் பற்களைப் பார்க்கச் சொல்லுவது அவசியம். ஏனெனில் வாயுவின் காரணம் உணவாக இல்லாதிருந்தால், அது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.